வடிவம் கெடாத தொப்பி

தொப்பியின் உள்பட்டையைப் பிரித்துப் பார்த்தவளின் நகத்தில் ஒரு துண்டு பலூன் ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்பு ரப்பர். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்றாள். பலூன் இருக்கிற வீட்டில் குழந்தை இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வீட்டுக்குள் ஒரு பலூன் வந்ததில்லை.

சந்தேகம் இன்றைக்கு முளைத்ததல்ல. புருஷனுக்கு சிமென்ட் கிடங்கில் வேலை. காதுமடல் வரை சாம்பல் பூத்துத்தான் வீட்டுக்கு வருவான். கொஞ்ச நாளாக அந்தக் கறுப்பு பேஸ்பால் தொப்பி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை காணாமல்போய், கடையிலிருந்து எடுத்த மாதிரி மொழுமொழுவென்று திரும்பி வந்தது.

கேட்டால், "கிடங்குக் குழாயில நானே கசக்கிக்கிறேன். நீ அதுல கை வைக்காத" என்பான். குடித்த டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியாத மனுஷன்.

இன்றைக்கு முடி வெட்டப் போனவன் அதை ஆணியில் மறந்துவிட்டுப் போயிருந்தான். வெட்ட அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் அவனிடம் கேட்கக் கூடாது. வழுக்கையை மூடத்தான் அந்தத் தொப்பியே.

அவள் பலூன் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். தொப்பியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எதிர்வீட்டுக்காரி தனியாள். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. இரண்டு வீட்டிலும் பிள்ளைச் சத்தம் இல்லாததுதான் இருவரையும் சிநேகிதிகள் ஆக்கியது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

"இவரு தொப்பிய எவளோ துவைச்சுக் குடுக்கறா."

"அண்ணனா?" எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "அவரு தும்முறதுன்னாகூட உன்னக் கேட்டுட்டுத்தான் தும்முவாரு. புருஷன முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கான்னு உன்னத்தான எல்லாரும் சொல்றாங்க."

அவள் கை தானாக முந்தானை முடிச்சைப் பிடித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சட்டையத் துவைச்சிருந்தாக்கூட விட்டுருவேன். தலையில வெக்கிறதுடி அது. அவரு வேர்வைய எவளோ தேய்ச்சு எடுக்கறா."

"சரி, சரி, அழாத." எதிர்வீட்டுக்காரி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அந்தக் கிடங்குக் கேன்டீன்காரியாத்தான் இருக்கும். சோறு போடற கை கொஞ்சம் நீளந்தான். அண்ணன் வெகுளி. நான் வேணா கூப்புட்டு நாலு வார்த்தை கேக்கவா?"

"வேணாம். நான் துவைக்கிறேன். அவள விட நல்லா துவைச்சு, பேசாம ஆணியில மாட்டிடறேன். அவருக்கே புரியட்டும். எனக்குச் சொல்லிக் குடு."

பலூனைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒரு முகம் வந்துவிடும்.

"போன வருஷம் இவரு தொப்பி ஒண்ண மெஷின்ல போட்டேன். செத்த காக்கா மாதிரி வந்துச்சு. அன்னிக்கெல்லாம் சாப்பிடல மனுஷன்."

"மெஷின்லயா? அடிப்பாவி! அது தொப்பிக்குத் தூக்குமேடைடி."

எதிர்வீட்டுக்காரி தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்துத் துளி ஷாம்பு விட்டாள். பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல உள்பட்டைய வெளியத் திருப்பு. வேர்வை எல்லாம் அங்கதான் உப்பாப் படிஞ்சிருக்கும். முறைக்காத, தேய். உன் ஆத்திரத்த அதுமேல காட்டினா நூல் பிஞ்சுரும்."

"சக்களத்தி தேய்ச்ச எடமாச்சே."

"அதுக்கு தொப்பி என்ன பண்ணும்? விளிம்பு மேல வட்ட வட்டமா போ. ஆங், அப்படித்தான்."

தண்ணீர் சாம்பலாக ஓடிப் பிறகு தெளிந்தது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வேறொரு வீட்டில் ஒரு குழந்தை இந்த விளிம்பைப் பிடித்து இழுத்து விளையாடுவது கண்ணுக்குள் வந்து வந்து போனது. அந்தக் குழந்தை அவனை என்னவென்று கூப்பிடும் என்பதுவரை யோசித்துவிட்டாள்.

"போதும், போதும். தொப்பிக்கும் வழுக்கை விழுந்துரும்."

துண்டில் வைத்து ஒற்றி எடுத்தபோது தொப்பி கறுப்பாக மின்னியது. ஆனால் மேல்பகுதி நனைந்து துவண்டு, பல் போன கிழவனின் கன்னம் மாதிரி உள்ளே விழுந்துகிடந்தது.

"போச்சு. இதுவும் காக்கா ஆயிடுச்சு" என்றாள் அவள். "வெயில்ல போடவா?"

"சாயம் போயிரும்."

"கிளிப் போட்டுக் கொடியில தொங்க விடவா?"

"ஐயோ, தொங்கவிட்டா இழுத்துக்கும். ஒரு நிமிஷம் இரு."

எதிர்வீட்டுக்காரி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தேடாமல், மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சிவப்புப் பலூனை எடுத்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"இத உள்ள வெச்சு ஊதுடி. காயற வரைக்கும் வடிவம் கெடாது."