மஞ்சள் கோடு

ரயீஸ் மஞ்சள் பெயிண்ட் டப்பாவை என் கையில் திணித்தபோது, எங்களோடு வேலை செய்யும் தசூக்கியை ஆம்புலன்ஸில் ஏற்றி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் கப்பல் தலைவரை ரயீஸ் என்றுதான் கூப்பிடுவோம். எகிப்தின் டமியட்டா துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைக்கும்போது கயிறு அறுந்து பாய்ந்து தசூக்கியின் முழங்காலை நொறுக்கிவிட்டது. கயிறு நைந்துபோய் நாளாகிறது. புதுக் கயிறு கேட்டு அவனே மூன்று முறை நச்சரித்திருக்கிறான்.

அறுந்த கயிறு எங்கே பாயுமோ, அந்த இடத்தைச் சுற்றித் தளத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்க வேண்டும். உள்ளே யாரும் நிற்கக் கூடாது என்று அர்த்தம். எங்கள் கப்பலில் அந்தக் கோடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"கோடு இருந்தா அவன் தப்பு, இல்லேன்னா நம்ம தப்பு. மசமசன்னு நிக்காதே ஷஹாத்தா, பூசு," என்றார் ரயீஸ்.

அவன் தப்பு என்று எழுதிவிட்டால் நஷ்டஈடு கிடையாது. காலை எடுக்க நேர்ந்தால் கட்டைக்கால்கூட அவன் செலவில்தான்.

பூசினேன். கோட்டைத் தாண்டி நின்றான் என்று எழுதிய தாளில் மீதி மாலுமிகள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். வாயைத் திறந்தவனுக்கு இந்தக் கரையில் அடுத்த கப்பல் கிடைக்காது. கோழை என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன்.

மறுநாள் காலை துறைமுக விசாரணை அதிகாரி ஏறிவந்தார். தாளைப் படித்தார், கோட்டைப் பார்த்தார்.

"போன மாசமே பூசி வெச்சாச்சுங்க," என்றார் ரயீஸ். "உள்ள நிக்காதேன்னு ஆயிரம் தடவை சொன்னேன். கேட்டாத்தானே."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

நான் பக்கத்தில் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். அது என் அன்றாட வேலை, யாரும் கண்டுகொள்வதில்லை. சுரண்டியபடியே நகர்ந்து வந்து, கோட்டின் மீதும் ஓர் இழுப்பு இழுத்தேன். பெயிண்ட் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது.

அதிகாரி குனிந்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"நேத்து சிந்தின ரத்தம், போன மாசப் பெயிண்டுக்கு அடியில எப்படிப் போச்சு?"

ரயீஸ் என்னைப் பார்த்தார். பூசுவதற்கு முன்னால் தளத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருந்தார்.

கழுவியிருந்தேன். கோடு வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.