அலுமாரியில் இருந்த ஒரிஜினல்

“இது கட்டுக் கட்டாக் கடுதாசியை இழுத்து ஸ்கேன் பண்ணும். இதையே எடுப்பம்” என்றான் நிரோஜன்.

“அப்பா எழுதின பழைய கடுதாசியளை அது கிழிச்சுப் போடும். கண்ணாடியிலை வைச்சு எடுக்கிற ஸ்கேனர்தான் வேணும்” என்றாள் தங்கை கௌசலா.

“அதுகளின்ரை போட்டோக் கொப்பியை மிசினுக்குக் குடுத்தாப் போச்சு.”

கிளிநொச்சியில் ஒரு கடைக்குள் நிற்பதையும் மறந்து அவள் வெடித்தாள். “அப்பா செத்து ஆறு வருசமா அலுமாரித் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு திரியிறாய். அரிசி மில்லிலை எனக்கும் பாதியெண்டு அப்பா எழுதின கடுதாசியின்ரை கொப்பியைத்தான் தந்தனி. ஒரிஜினலை ஒருநாளாவது கண்ணிலை காட்டினனியே? என்னத்தையண்ணா ஒளிக்கிறாய்?”

அவள் கண்ணாடி ஸ்கேனரையே வாங்கினாள். உருத்திரபுரத்து வீட்டுக்கு வந்ததும் திறப்பைப் பறித்து, அரிசி மில்லின் பைலை இழுத்தெடுத்து, அப்பா கைப்பட எழுதிய கடிதத்தை முதலில் வைத்தாள்.

திரையில் கடிதம் நிறத்தோடு விரிந்தது. ‘மில் என் மகன் நிரோஜனுக்கு’ என்பது அப்பாவின் நீல எழுத்து. அதன் பக்கத்தில் ‘மகள் கௌசலாவுக்கும்’ என்று நெருக்கி எழுதியிருந்தது கறுப்பு மையில். அவளிடம் இருந்த கொப்பியில் எல்லாமே ஒரே கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு மைக் கையெழுத்தை மில்லின் பற்றுச்சீட்டுகளில் அவள் தினமும் பார்க்கிறாள்.

“அண்ணா, இதை நீயோ எழுதினனி?”

“ஓம். அப்பா உன்ரை பேரை விட்டிட்டார் எண்டு நீ அறியக்கூடாதெண்டுதான்.”

கௌசலாவின் கோபம் தணியவில்லை. எழுந்துபோய், மாலையோடு தொங்கிய அப்பாவின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள்.