துவைத்த துணி

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படி ஒரு விதி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் ஒரு துணித் துண்டைப் போட்டுவைப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தாயிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளையின் மணம் மூக்கில் ஏறினால் பால் தானாகச் சுரக்கும். பீய்ச்சிய பாலைப் பெயர் ஒட்டிய கிண்ணத்தில் வாங்கிப்போய்ப் பிள்ளைக்குப் புகட்டுவார்கள். துணியை மட்டும் துவைக்கவே கூடாது.

தாய்மாரை உள்ளே விடுவதில்லை; பன்னிரண்டு நாளாகச் சந்தனமாரி தன் மகளை அறிந்தது அந்தத் துணியால்தான். இன்று எஸ்தர் சிஸ்டர் தாமதமாக வந்து நீட்டிய துணி மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. முகர்ந்தால் சோப்பு வாசம்.

"சிஸ்டர், இது எம்புள்ள துணி இல்லியே?"

"அதுதாம்மா. அழுக்காயிருச்சுன்னு தொவைச்சிட்டாங்க."

"தொவைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எஸ்தர் தரையைப் பார்த்தாள். "பால் கட்டிக்கிட்டா காய்ச்சல் வந்துரும். மொதல்ல எடுத்துருங்கம்மா."

மணமே இல்லாமல் பால் வந்தது. ஒருநாளும் இல்லாதபடி, நிறுத்த முடியாமல் வந்தது. மகளுக்கு ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி போதும். கிண்ணமோ விளிம்புவரை நிறைந்துவிட்டது. மூடியைப் போடும்போதுதான் சந்தனமாரி கவனித்தாள்.

"சிஸ்டர், இதுல பேரு ஒட்டலியே?"

எஸ்தர் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். குழந்தைகள் கிடக்கும் அறையின் கதவைக் கடந்து, மற்றப் பிள்ளைகளுக்காகப் பால் சேர்த்துவைக்கும் தாய்ப்பால் வங்கி இருக்கும் பக்கமாக நடந்தாள்.