ஆறு மாதத் தடை

“சிறுநீர்ச் சோதனையில மார்ஃபின் இருந்திருக்கு. என்ன சொல்றீங்க?” என்று அதட்டினாள் சபிஹா.

எதிரே நின்ற ஜாஹித் நெளிந்தான். “சத்தியமா தெரியாம நடந்தது. மேட்சுக்கு முந்தின நாள் வச்ச குர்மாவுல கசகசா தூக்கலாயிடுச்சு.”

“அபின் செடியோட விதையாச்சே! கசகசாவை ஊறவச்சு அலசினீங்களா?”

“அவசரத்துல அப்படியே அரைச்சுட்டேன்.”

“தெரியாம நடந்தாலும் குத்தம் குத்தம்தான். ஆறு மாசம் தடை!”

“ஆறு மாசமா? மேல்முறையீடு பண்ணுவேன்!”

“தாராளமா பண்ணுங்க.”

ஜாஹித் கூடத்துக்கு ஓடினான். “உம்மா, இவ என்னை ஆறு மாசத்துக்கு அடுப்பங்கரைக்குள்ளயே விடமாட்டாளாம்!”

“பின்ன? வேதாரண்யத்துலேருந்து கபடி லீக்குக்குப் போன ஒரே பொண்ணு. உன் குர்மாவைத் தின்னுட்டு இப்ப ஆறு மாசம் ஆட முடியாம உக்காந்திருக்கா,” என்றாள் சைத்தூன் பீவி.

பின்னாலேயே வந்த மருமகளைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “ஆனா சபிஹா, ஆட்டமே இல்லாதப்ப அவன் சமைச்சா என்ன? நீ மறுபடி ஆடப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இவனுக்குத் தடையை ஆரம்பி.”



“சரி மாமி,” என்ற சபிஹா கணவனிடம் திரும்பினாள். “இன்னிக்கே அந்தக் குர்மாவை வைங்க. கசகசாவை மட்டும் குறைச்சுடாதீங்க!”