ஊதாப் பொட்டு

போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைப்பது மெக்கானிக்கான என் வழக்கம். தம்பி செல்வினின் கார் இன்ஜினைப் பிரித்துக் கட்டிய அன்று மட்டும் பெயிண்ட் தீர்ந்திருந்தது. அவன் மகளின் ஊதா நெயில் பாலிஷை வைத்தேன். அந்தக் காரோடுதான் அவன் காணாமல் போனான்.

இன்று அதே மாடலில் வேறொரு பழைய காரைப் பார்க்க வந்தேன்.

"இன்ஜின்ல இதுவரைக்கும் யாரும் கை வைக்கலண்ணே," என்றார் விற்பவர்.

கிரீஸைத் துடைத்தேன். வரிசையாக ஊதாப் பொட்டுகள்.

"என்னண்ணே, பிரிச்ச மாதிரி தெரியுதா?"

"இல்லைங்க." துணியை அங்கேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அப்போ ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

சாவியைக் கொடுத்தவர், பக்கத்து சீட் காலியாக இருந்தும், எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.