ஒன்றே முக்கால் ஆள்

“எட்டு” என்றாள்.

சொன்ன பிறகு மனத்துக்குள் மறுபடி போட்டுப் பார்த்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர். சமநிலை மாறிலி இரண்டு. வலப்பக்கம் எட்டு, இடப்பக்கம் நான்கு. எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு.

சரியாகத்தான் வந்தது. சரியாக வந்தால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

“அப்ப நின்னு காட்டுங்க” என்றார் எபனேசர் சார்.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார்கள். நடுவில் சாக்பீஸ் கோடு. இடப்பக்கம் நிற்பவர்கள் வினைபடுபொருள். கோட்டைத் தாண்டிவிட்டால் விளைபொருள்.

விசில் அடித்ததும் இடப்பக்கத்தில் பாதிப் பேர் வலப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கத்தில் கால்வாசிப் பேர் இடப்பக்கம் வர வேண்டும். அதற்குப் பிறகும் எண்ணிக்கை மாறாமல் இருந்தால், போட்ட கணக்கு சரி.

சார் கதவைச் சாத்தினார். மூடிய கலன்.

விசில்.

இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். நான்கு, எட்டு.

மறுபடி விசில். நான்கு, எட்டு.

பன்னிரண்டு பேரும் பகலில் பனியன் கம்பெனி வேலை. பன்னிரண்டு பேரும் பிளஸ் டூ வேதியியலில் தோற்றவர்கள். அவளுக்கும் பொன்மலருக்கும் ஒரே செக்கிங் டேபிள். சேர்ந்து எழுதுவது, சேர்ந்து தேறுவது, சேர்ந்து நர்சிங் போவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

அவளை மாலை வகுப்புக்கு விட்டதே பொன்மலர் கூட வருவதால்தான்.

ரெண்டு பேருன்னா போங்க, தனியான்னா வேண்டாம். அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

கீழே பைக் ஹாரன் கேட்டது. நிற்காமல் கேட்டது.

“எங்கண்ணன்” என்றாள் பொன்மலர். வலப்பக்கம் நின்றிருந்தாள். அவள் பக்கம் குனிந்தாள். “என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன். என் எடத்துல யாரையும் நிக்க உட்றாத.”

கதவைத் திறந்துகொண்டு பொன்மலர் இறங்கினாள்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். பைக் ஹேண்டில்பாரில் ஒரு கேரிபேக் தொங்கியது. உள்ளே மல்லிகைச் சரம்.

“பை மேல இருக்குதுண்ணா.”

“பையெல்லாம் இனி எதுக்கு? மாப்ள ஊட்டுக்காரங்க வந்து ஒக்காந்திருக்காங்க. ஏறு அம்மணி.”

பொன்மலர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏறினாள்.

இடம் அமைந்துவிட்டால் படிப்பு கிடையாது என்று போன வாரமே பொன்மலர் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

“வலப்பக்கம் இப்ப எத்தன பேரு?” சார் கேட்டார்.

“ஏழுங்க சார்.”

“ஏழுல கால்வாசி?”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“ஒண்ணே முக்கால்.”

“ஒண்ணே முக்கால் ஆளு எப்படிங்க சார் போறது?” என்றான் பேக்கிங் செக்ஷன் சபரி. “வேணும்னா அந்த முக்கால் ஆளு நான் போறனுங்க. மத்தியானம் சாப்புடல.”

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு, எப்படிச் சிரித்தோம் என்று நினைத்தாள்.

“ஆளு குறைஞ்சாலும் மாறிலி மாறாது” என்றார் சார். “ஆனா ஒருத்தர அறுத்து ரெண்டு பக்கமும் நிறுத்த முடியாதே.”

சுற்றிப் பார்த்தார். சுவரோர பெஞ்சில் பொன்மலரின் நீலப் பை இருந்தது.

“அத எடுத்து நிறுத்தும்மா. அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும்.”

வராது சார் என்று வாய்வரை வந்தது.

பையை எடுத்தாள். உள்ளே டிபன் பாக்ஸில் ஸ்பூன் உருண்டது. பொன்மலர் நின்றிருந்த இடத்தில் வைத்தாள்.

விசில்.

நான்கு, எட்டு.

அடுத்த விசிலுக்குச் சபரி பையைத் தூக்கிக்கொண்டான். “நவுருங்க, நவுருங்க. பொன்மலரக்கா வருது.” கோட்டைத் தாண்டி இடப்பக்கம் வைத்தான்.

அதற்கடுத்த விசிலுக்கு வேறு யாரோ அதைத் திரும்ப வலப்பக்கம் கொண்டுவந்தார்கள்.

நான்கு, எட்டு. ஒரு முறைகூடத் தப்பவில்லை.

“பாத்தீங்களா” என்றார் சார். போர்டில் இரண்டு என்று எழுதி வட்டம் போட்டார். “நாளைக்கு மாறிலிய மூணா வெச்சுப் பாப்போம். பன்னெண்டு பேரும் வந்துருங்க.”

பெஞ்சுகளை இழுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாக்பீஸ் கோடு பாதி அழிந்திருந்தது.

அவள் நின்றாள். நாளைய கணக்கைப் போட்டாள்.

பன்னிரண்டு இல்லை. பதினொன்றும் இல்லை. தனியான்னா வேண்டாம்.

பத்து. மாறிலி மூன்று. இடப்பக்கம் இரண்டரை, வலப்பக்கம் ஏழரை.

எங்கோ தப்பு என்று மறுபடி போட்டாள். அதேதான் வந்தது.

தன் பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். கம்பெனி அடையாள அட்டை. பஸ் பாஸ். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினாள். ஜிப்பை மூடினாள்.

காலிப் பையை நீலப் பைக்கு ஒட்டி வைத்தாள்.

கோட்டுக்கு வலப்பக்கம்.