நாற்பத்தொன்றாவது புள்ளி

எர்ணாவூர் கண்டெய்னர் யார்டில் தொழிலாளிகளின் ஹெல்மெட்டில் ஒரு சின்னக் கருவி உண்டு. யார் எங்கே நிற்கிறார் என்று அது ஆபீஸ் திரையில் புள்ளியாகக் காட்டும். ஆனால் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே அதன் மெல்லிய சிக்னல் செத்துவிடும். போன வருஷம் பெட்டிகள் சரிந்தபோது அடியில் சிக்கிய தொழிலாளி ஹென்றியைத் தேடிக் கண்டுபிடிக்க மறுநாள் காலை ஆகிவிட்டது. அதற்குள் உயிர் போயிருந்தது.

அதனால்தான் இன்ஜினியர் டெபோரா, சிக்னலைத் திருப்பி அனுப்பும் பலகையை ஆபீஸுக்கு எதிர்ச்சுவரில் பொருத்தினாள். உடனே எல்லாப் புள்ளிகளும் தெரிந்தன. வேலையில் நாற்பது பேர். புள்ளிகள் நாற்பத்தொன்று.

மேஸ்திரி சௌக்கத் அலி கூடுதல் புள்ளியின் எண்ணைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கருவி ஹென்றியோடதும்மா. நசுங்கிப் போச்சு. அடக்கம் பண்ண சொல்ல, சவப்பொட்டில நான்தான் வெச்சேன்."

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நாற்பது பேரும் வெளியேறினார்கள். காவலாளி கேட்டைச் சாத்தினார். மிச்சமிருந்த புள்ளி பெட்டி வரிசைகளைத் தாண்டி மெதுவாக வந்து, கேட்டுக்கு உள்ளே நின்றது.

டெபோரா பலகையை அணைக்கப் போனாள்.

"இரும்மா."

சௌக்கத் அலி ஆபீஸ் மாடியிலிருந்து இறங்கிப் போனார். கேட்டை அகலத் திறந்து, வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.